அக்கா பக்கத்தில் ஒரு காலி இடம்

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். முப்பது வருடம் பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் சுழித்துச் சுழித்துக் கை பழகியவன். என் மகளின் கல்யாணப் பத்திரிகையையும் நானே திருத்தினேன். ஒரு சந்திப்பிழை கிடையாது. அக்கா பெயரும் அத்தான் பெயரும் கூடக் கிடையாது.

அத்தோடு வாசுதேவநல்லூர் அக்கா வீட்டோடு பேச்சு நின்றுபோயிற்று. நாலு வருடம். நேரில் போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம், ரோஷம் விடவில்லை. பொறுப்பைச் சங்கரன்கோவில் கோமதி அம்மன் தலையில் போட்டேன். வெள்ளிதோறும் சன்னதியில் நின்று, "தாயே, அக்காவோட பேச ஒரு சந்தர்ப்பம் குடு" என்று கேட்பேன்.

கொடுத்தாள். ஒரு மத்தியானம் புளியங்குடியில் சங்கரன்கோவில் பஸ் ஏறினால், நல்ல கூட்டம், ஒரே ஓர் இடம் காலி. அதற்குப் பக்கத்தில் அக்கா. என்னைக் கண்டதும் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நகர்ந்தாள். நானோ கம்பியைப் பிடித்தபடி முதல் வாக்கியத்தை மனதுக்குள் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன்.

கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, சீட்டு சும்மாதான கெடக்கு? உக்காருங்க."

"இல்ல, அடுத்த ஸ்டாப்புல எறங்கிருவேன்" என்று வாய் முந்திக்கொண்டது.

"டிக்கெட்டு சங்கரன்கோவிலுக்குல்லா எடுத்திய?"

சொன்ன சொல்லைக் காப்பாற்ற இறங்கிவிட்டேன். ஒதுங்க ஒரு மரம் இல்லாத இடம். அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன்.

அடுத்த வாரம் காலையில் போன் அடித்தது. திரையில் 'அக்கா'. உடனே எடுத்தால் காத்துக் கிடந்தது போல ஆகிவிடுமே, உண்மையாகப் பேச நினைத்தால் மறுபடி கூப்பிடட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நின்றுவிட்டது. மறுபடி அடிக்கவில்லை.

பஸ் கதையை ஏற்கனவே கேட்டிருந்த மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சாமி இதுக்கு மேல என்னதாங்க செய்யும்? உங்க அக்காவத் தூக்கிட்டு வந்து மடியில உக்கார வைக்கணுமா?"

சட்டைப் பித்தானைக்கூட ஒழுங்காகப் போடாமல் வண்டியை எடுத்தேன்.

அக்காதான் கதவைத் திறந்தாள். வழியெல்லாம் மனப்பாடம் செய்த மன்னிப்பு மறந்துபோய், "போன் அடிச்சியாக்கா?" என்றேன்.

"நா எங்கலே அடிச்சேன்? பேரன் போன வச்சு வெளையாடிட்டு இருந்தான்."

அசடு வழிய நின்றேன். "பத்திரிகைல உங்க பேர விட்டது என் தப்புதான்க்கா" என்றேன். நாலு வருடம் தொண்டையில் கிடந்தது, சொல்லி முடிக்க ஒரு மூச்சுகூட ஆகவில்லை. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல சட்டைய ஒழுங்கா மாட்டு. சாப்ட்டியா?" என்றாள்.

மூன்றாவது தோசையில் இருந்தபோது அத்தான் வந்தார். என்னைப் பார்க்காமல் டிவியைப் போட்டார். கொஞ்ச நேரம் செய்தி ஓடியது. பிறகு டிவியைப் பார்த்தே சொன்னார்: "வண்டி வெயில்ல நிக்கி. நெழல்ல விடக் கூடாதா?"

இந்தத் தடவை நான் யோசிக்கவில்லை. கையைக்கூடக் கழுவாமல் எழுந்து ஓடினேன்.