பழைய கணினிக்கு ஒரு காவல்காரன்

என் வீட்டுக்காரருக்குப் பேச்சு போன பிறகு அவருடைய வாய் எங்கள் பழைய கணினியில்தான் இருந்தது. நரம்பு நோய். முதலில் நாக்கு குழறியது, பிறகு பேனா பிடிக்க முடியவில்லை. வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும் என்றார் டாக்டர். கைப்பேசியின் குட்டி எழுத்துகள் அந்த விரலுக்குச் சரிப்படவில்லை. ஜொகூர் பாருவில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்தே காலம் தள்ளியவர் அவர். கடையை மூடியபோது முதலாளி கொடுத்தனுப்பிய கணினிதான் பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டு ஹாலில் இருந்தது. அதில் எந்த எழுத்து எங்கே என்று அவர் விரலுக்கே தெரியும்.

திரையின் மூலையில், மணி காட்டும் இடத்துக்குப் பக்கத்தில், சின்னதாக ஓர் 'அ' இருக்கும். அதுதான் தமிழ் அடிக்கிற புரோகிராம். அது இருக்கும்வரை மனிதர் பேசினார். பேசினார் என்ன, ஏசினார். 'சாம்பார்ல உப்பு எங்கடி?' 'எருமை, ஃபேனைக் கூட்டு.' நோய் உடம்பைத்தான் தின்றது, வாய்க்கொழுப்பைத் தொடவில்லை. அவர் ஒரு வரி அடிப்பதற்குள் நான் பத்து வரி பேசிவிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து அப்போதுதான் சண்டையில் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

உறவுக்காரர் ஒருவர் கல்யாணப் போட்டோக்களைப் பென் டிரைவில் கொண்டு வந்தார். கூடவே வைரஸும் வந்தது. அதன் பிறகு பாதி வாக்கியத்தில் கணினி தானாக அணைந்துவிடும். அவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். ஒரு வரிக்கு அவருக்கு எவ்வளவு மூச்சு செலவாகும் என்பது பக்கத்தில் நின்ற எனக்குத்தான் தெரியும். 

மகன் தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். எல்லைப் பாலத்து நெரிசலில், பஸ்ஸில் நின்றபடியே போனில் சொன்னான். "ஆண்டிவைரஸ் போட்டா சரியாயிடும்மா. ஆனா கனமானது தாங்காது, அது கிழட்டு மெஷின்." விடுமுறையில் உட்கார்ந்து அவனே முயன்றும் பார்த்தான். ஒன்று, உங்கள் கணினி பழையது என்று சொல்லி உள்ளேயே வர மறுத்தது. இன்னொன்று உள்ளே வந்து, உலையில் அரிசி வேகும்வரை கணினியை அசையவிடவில்லை. இலவசமாகக் கிடைத்த ஒன்றோ, காசு கட்டு என்று நொடிக்கொரு தரம் நச்சரித்தது. அவர் அடிக்கும் வரியின் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

கடைசியில் நானே கணினிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சீனர். "ஆன்ட்டி, இனி ரிங்கான் லா" என்று மலாயில் சொல்லி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ரொம்ப லேசானதாம், பழைய கணினிக்கென்றே இருப்பதாம், சந்தேகப்பட்டதைக் கேட்காமலே துடைத்துவிடுமாம். கேட்காமலே என்றதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

போட்டோம். கணினி சுறுசுறுப்பாக எழுந்தது. மூலையில் 'அ' இல்லை. அவர் விசையைத் தட்டினார், ஆங்கில எழுத்து விழுந்தது. மறுபடி தட்டினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என்னை விடவில்லை.

அந்தத் தமிழ்ப் புரோகிராம் ஒவ்வொரு விசையையும் பார்த்துக்கொண்டே இருந்துதான் எழுத்தை மாற்றும். கடவுச்சொல் திருடுகிற புரோகிராமும் அப்படியேதான் பார்த்துக்கொண்டிருக்கும். காவலுக்கு வந்ததற்கு வித்தியாசம் தெரியவில்லை என்று கடைக்காரர் பிறகு விளக்கினார். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. மறுபடி அதைப் போட வேண்டிய மூல வட்டு, மூடிய அச்சகத்தோடு போய்விட்டது. மகன் தேடித் தேடி இறக்கிய புரோகிராம்களில் எழுத்துகள் இடம் மாறியிருந்தன. அவர் விரல் பழைய இடத்துக்கே போனது, தப்பான எழுத்து விழுந்தது.

ஆங்கில எழுத்திலேயே தமிழை அடிக்கலாமே என்று மகன் காட்டினான். பத்திரிகையில் ஒரு புள்ளி விடுபட்டாலும் சோறு இறங்காத மனிதர் அவர். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் மலாயில் அடித்தார். மலாய்க்கு ஆங்கில எழுத்துதான் சொந்த எழுத்து. 'தோலோங் ஆயேர்.' தயவுசெய்து தண்ணீர். சந்தையிலும் கிளினிக்கிலும் பேசிய மொழி அது, எங்களுக்குள் என்றைக்கும் பேசியதில்லை. இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு தயவுசெய்து சொல்லாதவர், இப்போது அரசாங்க அலுவலகக் கவுண்டரில் நிற்பவர்போல என்னிடம் தண்ணீர் கேட்டார். அந்தத் தோலோங்கை எனக்குச் சகிக்கவே முடியவில்லை.

ஒருநாள் மத்தியானம் அவருக்கு முகம் துடைத்துவிடும்போது எனக்குத் தாங்கவில்லை.

"நாந்தானே போயி வாங்கிட்டு வந்தேன். ஏசுங்க. ஒரே ஒரு வார்த்தை ஏசிடுங்க!"

நீண்ட நேரம் அடித்தார். 'தாக் ஆப்பா.' பரவாயில்லை. பஸ்ஸில் காலை மிதித்தவரிடம் சொல்வதுதான்.

அதுதான் அவர் கடைசியாக அடித்தது. விரலும் நின்ற பிறகு, மூவார் ஊரில் ஓர் அச்சகத்தில் பழைய வட்டைக் கண்டுபிடித்து மகன் கொண்டு வந்தான். 'அ' மறுபடி மூலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவர் விரலை எடுத்து விசைமேல் வைக்கிறேன், வைத்த இடத்திலேயே கிடக்கிறது.

மனசாரத்தான் பரவாயில்லை என்றாரா, ஏசுவதற்கு எழுத்து இல்லாமல் அப்படிச் சொன்னாரா, தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது. இப்போது அவருக்கு மிச்சம் இருப்பது கண் இமைதான். அதை வைத்து ஆமாம் சொல்லலாம், இல்லை சொல்லலாம். ஏச முடியாது.