தவளைக்கு ஆள் இல்லை

மாத்தளைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடைக்குள் நுழையாமல் நான் வாசலிலேயே நின்றுவிடுவேன். கோடித்துணி வாசம்தான் காரணம். "சேல வெலைய கேட்டுத்தானே பயப்படுறீங்க?" என்பாள் மனைவி. அதுவும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் றத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் வாத்தியாராக இருந்தேன். மழை வந்தால் தகரக் கூரைச் சத்தத்தில் பாடம் நின்றுவிடும். அதில் பிள்ளைகளைவிட எனக்குத்தான் சந்தோஷம். உயிர்கள் ஒன்றையொன்று அண்டி வாழ்வதைக் கரும்பலகையில் வரைந்து பார்த்தேன், யாருக்கும் விளங்கவில்லை. அதனால் பிள்ளைகளை முற்றத்தில் வட்டமாக நிறுத்தி, ஆளுக்கொரு உயிராக்கி, ஒரே கயிற்றைப் பிடிக்க வைத்தேன். ராசாத்தி புல். முருகேசு தவளை. ஒருவர் விட்டாலும் எல்லோர் கையிலும் கயிறு தொய்யும். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அது இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு, இலங்கைத் தோட்டத்துச் சனங்களைக் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். தீபாவளி இல்லாத நாளில் ஒரு பிள்ளை புதுச்சட்டையோடு வந்தால், பாஸ்போட்டுக்குப் படம் பிடிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். காலையில் எல்லோரும் வாசலையே பார்த்திருப்போம். எனக்கும் பயம்தான். முருகேசு அப்படித்தான் போனான்.

அடுத்த முறை தவளையாக நிற்க ஒருவரும் வரவில்லை.

"அந்த எடத்துல நின்னா நாமளும் கப்பலேறணும் சேர்," என்றான் ஒருவன்.

சிரித்துவிட்டு நானே தவளையாக நின்றேன். சிரிப்பு உதட்டோடு சரி. எங்கள் குடும்பம் எந்தக் கரையில் நிற்கும் என்று அப்போது எங்களுக்கே தெரியாது.

பிறகு ஒரு நாள் ராசாத்தி புது மஞ்சள் கவுனில் வந்தாள். வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் அழவில்லை. மேசையருகே வந்து மெல்லக் கேட்டாள்.

"சேர், புல்லு இல்லாட்டி எல்லாம் செத்துப்போகும்னு சொன்னீங்களே. நான் போயிட்டா இவங்கல்லாம் என்ன ஆவாங்க?"

"ஒண்ணும் ஆகாது புள்ள. வேற ஆளு நிப்பாங்க," என்றேன். அவள் நிம்மதியாகப் போய் உட்கார்ந்தாள்.

வேறு ஆள் நிற்கவில்லை. புதுச்சட்டைகள் வந்துகொண்டே இருந்தன. பிள்ளைகள் போதவில்லை என்று பள்ளியை மூடினார்கள்; குடியிருக்க ஆளில்லாமல் லயத்து வீடுகள் இடிந்தன. எங்கள் குடும்பம் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. போன மாதம் றத்தோட்டை தாண்டி ரிவர்ஸ்டன் மலைக்குப் போகும் வழியில் இறங்கிப் பள்ளியைத் தேடினேன். முற்றம் இருந்த இடம்கூடத் தெரியவில்லை.

ராசாத்தி எங்கே இருக்கிறாளோ. இங்கே ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று இன்னும் நம்பிக்கொண்டிருப்பாள்.