கோச் வயிற்றைத் தடவினால் ஆர்லின்

எட்டு இன்னிங்ஸ் ஒழுங்காக ஆடிவிட்டு ஒன்பதாவதில் கோட்டை விடுவதே எங்கள் மினசோட்டா ஊர் பேஸ்பால் அணிக்கு வழக்கம். கேட்சரான எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைசியில் வந்து ஆட்டத்தை முடித்துத்தர நம்பகமான பந்துவீச்சாளர் இல்லை.

மாற்று வீச்சாளர்கள் மைதானக் கோடியில் காத்திருப்பார்கள். கோச் ரோலண்ட் சைகை காட்டுவார். இடது கையைத் தட்டினால் கெர்ஹார்ட். வயிற்றைத் தடவினால் தொப்பைக்கார ஆர்லின். பால் வண்டி ஓட்டும் ஆர்லினை, தோற்பது உறுதியான பிறகுதான் கூப்பிடுவார்கள்.

ஒரு ஞாயிறு மதியம், ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரே ரன் முன்னிலை. கோச் வயிற்றைத் தடவினார். ஆர்லின் வந்து நின்றான்.

"உன்ன யாருடா கூப்பிட்டா? சாசேஜ் தின்னு வயிறு உப்பிக் கெடக்குடா எனக்கு!"

அதற்குள் அம்பயர் அவன் பெயரை எழுதிவிட்டார். இனி திருப்பி அனுப்ப முடியாது.

"விடுங்க கோச், விடிகாலைல வண்டி எடுக்கணும். சீக்கிரம் முடிச்சிடுறேன்."

வித்தை எதுவும் காட்டாமல் நேராகவே எறிந்தான். அடிக்க வந்த மூன்று பேரும் அவுட்; ஆட்டம் எங்களுக்கு.

இப்போது ஒவ்வொரு ஒன்பதாவது இன்னிங்ஸிலும் கோச் வயிற்றைத் தடவுகிறார்.

"இன்னிக்கும் சாசேஜா கோச்?" என்பேன்.

"வாய மூடிட்டுப் பந்தப் பிடிடா!"

அதற்குள் ஆர்லின் பால் வண்டிச் சாவியைப் பின்பாக்கெட்டில் செருகியபடி பாதி மைதானம் வந்திருப்பான்.