அம்மாவும் மிஸ்ஸும்

கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வுபெற்றவன் நான்; கிணத்துக்கடவில் என் சொல்லுக்கு மதிப்புண்டு. ஆகவே, என் மருமகள் தன் மகளை ஒன்பதாம் வகுப்பிலிருந்து வீட்டிலேயே படிக்கவைத்ததை எனக்கு நேர்ந்த அவமானமாகக் கருதினேன்.

பாட நேரத்தில் பேத்தி அவளை "மிஸ்" என்றே அழைப்பாள்.

"ஏனுங்க மிஸ், பசிக்குதுங்க."

"அதை உங்கம்மாகிட்டச் சொல்லு கண்ணு" என்று மருமகள் சிரிப்பாள்.

பிளஸ் டூ தேர்வு நெருங்கியபோது மருமகள் மாரடைப்பில் இறந்தாள். காரியம் முடிந்த மறுநாள், பேத்தி தனியே புத்தகத்தை விரித்து அமர்ந்திருந்தாள்.

"நான் சொல்லித் தரட்டுமா, அம்மணி?" என்றேன்.

"வேண்டாமுங்க அப்பாரு. அம்மாவுக்கு நீங்க எல்லாரும் அழுதீங்க. மிஸ்ஸுக்கு நான் ஒருத்திதானுங்க அழோணும்."

மருமகளின் நாற்காலியில் அமர எனக்குத் துணிவு வரவில்லை.

பேத்தி தனித்தேர்வராக எழுதித் தேறினாள். முதல்வர் தாத்தாவே பாடம் நடத்தினார் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். நான் ஒரு பாடமும் நடத்தவில்லை.