ஏழு நாள் ஏலம்

கல்முனைக்குடிக் கடற்கரையில் மீராசா வாய் திறந்தால் மீன் விற்றுவிடும். மணலில் கொட்டிய கூறு இரண்டு நிமிடத்துக்குமேல் அங்கே கிடந்ததில்லை. "ஒருதரம், ரெண்டுதரம்" என்பார். மூன்றாந்தரம் சொல்வதற்குள் எவனாவது தலையாட்டியிருப்பான். அவர் வாயிலிருந்து விழுந்த விலை விழுந்ததுதான். பிறகு பத்து மடங்கு தருகிறேன் என்று ஒருவன் ஓடிவந்தாலும் அவர் முகத்தைக்கூடத் திருப்பமாட்டார். அதனால்தான் தோணிக்காரர்களும் வியாபாரிகளும் அவரை விடவில்லை.

ஆனால் அது மற்றவர்களுடைய மீன். சுனாமிக்கு முன்னர் அவருக்கும் தோணி இருந்தது. அதைக் கடல் கொண்டுபோனது. கூடவே அவருடைய தம்பியையும். பிறகு ஒரு நிறுவனத்தார் புதுத் தோணி கொடுத்து, பக்கத்தில் நிறுத்திப் படமும் எடுத்துக்கொண்டார்கள். எஞ்சின் அடுத்த தடவை வரும் என்றார்கள். அந்த அடுத்த தடவை நாலு வருடமாக வருகிறது.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் யுத்தம் முடிந்தது. கடலுக்குப் போகும் நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தப்போகிறார்கள் என்று கரையெல்லாம் கதை. மீராசாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒலுவில் ஊரில் அப்துல் ஸமட் என்பவரிடம் பழைய எஞ்சின் ஒன்று இருந்தது. விலை தொண்ணூறாயிரம். "சனிக்கிழமைக்குள்ள வாங்க காக்கா, இல்லாட்டி வேற ஆளுக்குப் போயிரும்" என்றிருந்தார் அவர்.

விற்பதற்கு மீராசாவிடம் ஒரே ஒரு பொருள்தான் மிஞ்சியிருந்தது. திருகோணமலையில் ஒரு கப்பல்காரரிடமிருந்து அவருடைய வாப்பா வாங்கிய பித்தளைத் திசைகாட்டி. சுனாமி முடிந்து எட்டாம் நாள் அதை மணலுக்குள்ளிருந்து பெட்டியோடு தோண்டி எடுத்தார். ஊரில் அதற்கு இரும்புக்கடை விலைதான் சொன்னார்கள். மனைவியின் தங்கை றபீக்கா தொலைபேசிக் கடையும் இரண்டு கணினியும் வைத்திருந்தாள். வெளிநாட்டு ஏலத் தளம் ஒன்றில் போடலாம் என்று சொன்னவள் அவள்தான்.

படம் எடுத்தாயிற்று, விவரம் எழுதியாயிற்று. எத்தனை நாள் என்று தளம் கேட்ட இடத்தில் தகராறு தொடங்கியது.

"ஒரு நாளே காணும்" என்றார் மீராசா.

"மச்சான், இது சூரை மீனில்ல, நாறிப்போறதுக்கு. பத்து நாள் போடுவம். எவ்வளவு பேர் பாக்குறாங்களோ அவ்வளவுக்கு விலை ஏறும்."

"கனக்க நாள் கெடந்தா வாங்குறவனுக்கு எளக்காரம் வந்திரும். சனிக்கிழமயும் போயிரும்."

கடைசியில் ஏழு நாள் என்று இருவரும் இறங்கி வந்தார்கள். ஞாயிறு லுஹர் தொழுகைக்குப் பிறகு தொடங்கிய ஏலம் மறு ஞாயிறு முடியும். சனியைப் பேசிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று றபீக்கா சொன்னாள். அவளுக்கென்ன, பேசவேண்டியவர் அவரல்லவா.

செவ்வாய்க்குள் விலை இலங்கைக் காசில் எழுபதாயிரத்தைத் தொட்டது. அதற்குப் பிறகு ஒரு சதம் ஏறவில்லை. புதன் போனது, வியாழன் போனது. மீராசா கரையிலிருந்து நேரே கடைக்கு வந்து, உடுத்த சாரத்தில் மணல் ஒட்டியபடியே திரையின்முன் உட்கார்ந்துவிடுவார். விலைக்குக் கீழே ஓர் எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

"இது என்ன மச்சி, பதினெட்டு?"

"பதினெட்டுப் பேர் பாத்துக்கிட்டு இரிக்காங்க."

"பாத்துக்கிட்டுச் சும்மாவா நிக்கிறாங்க?"

"ஓம், இப்பைக்குச் சும்மாதான்."

அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சும்மா நிற்பவர்களை அவருக்குத் தெரியாதா? முப்பது வருடமாகக் கரையில் பார்க்கிறாரே. கையைக் கட்டிக்கொண்டு, வாய் திறக்காமல், வெயில் ஏறட்டும், மீன் வாடட்டும், விலை விழட்டும் என்று நிற்பவர்கள். அப்படிப்பட்டவர்கள் கூடிவிட்டால் உடனே முடித்துவிடவேண்டும். இல்லாவிட்டால் கேட்டவனும் மெல்ல நழுவிவிடுவான். அந்தப் பதினெட்டும் அவருக்கு நஞ்சாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை அந்த எண் முப்பத்தொன்று ஆனது. அஸருக்குப் பாங்கு சொன்னதும் றபீக்கா தொழுவதற்கு உள்ளே போனாள். ஏலத்தை இடையில் முடித்து, அதுவரை கூடுதலாகக் கேட்டவருக்கே கொடுக்கலாம் என்பதை அவள் முன்பே காட்டியிருந்தாள். எந்த இடத்தில் அழுத்தவேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். எழுபதுக்கு ஸமடை எப்படியும் இறக்கிவிடலாம், கையில் காசோடு பேசினால் எவன் மறுப்பான்? பிஸ்மி சொல்லி அழுத்தினார். விற்றுவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், நெஞ்சு இலேசாகிவிட்டது.

றபீக்கா தொழுதுவிட்டு வந்து திரையைப் பார்த்தாள். அவள் கதிரையை இழுத்துப் போடுவதற்குள் ஸ்கொட்லாந்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். ஞாயிறு கடைசி நிமிடத்துக்காகக் காத்திருந்தேன், உங்கள் காசில் இரண்டு இலட்சம் வரை கேட்பதாக இருந்தேன், ஏன் முடித்தீர்கள் என்று கேட்டிருந்தார்.

"அங்க எல்லாரும் அப்பிடித்தான் மச்சான்! கடைசி நிமிசத்திலதான் கேப்பாங்க. முப்பத்தொரு பேரும் அதுக்குத்தான் நிண்டவங்க!" றபீக்கா கிட்டத்தட்ட அழுதாள். மறுகணம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்டும் கெட்டுப் போகல்ல. சாமான் உடைஞ்சி போச்செண்டு எழுதிட்டு வித்ததை ரத்துப் பண்ணுவம். மறுகா இந்த ஸ்கொட்லாந்துக்காரருக்குக் குடுப்பம்."

மீராசா கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டு இலட்சம். எஞ்சின், புது வலை, எல்லாமே அதில் அடங்கும். ஆசை இல்லை என்று யாராவது சொன்னால் அது பொய். தொண்டை வரைக்கும் ஆசை.

"விழுந்த ஏலத்தைத் திருப்பினா நாளைக்குக் கரையில எந்த மூஞ்சோட நிப்பன்?"

"கரையில ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே, மச்சி. அந்த மனிசனுக்கு எழுது. ஏலம் முடிஞ்சிட்டு, நீங்க கொஞ்சம் வாய் திறந்திரிக்கலாம் எண்டு எழுது."

அவள் எழுதினாள். அவர் அவளுடைய தொலைபேசியிலேயே ஒலுவிலுக்கு அழைப்பு எடுத்தார். எழுபது தருகிறேன், காசு வந்த கையோடு வருகிறேன், நாளைக்கு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்றார். மறுபக்கத்தில் ஸமட் சிரித்தார்.

"தொண்ணூறில ஒரு சதமும் கொறயாது காக்கா. ஆனா நீங்க ஏன் அந்தரப்படுறீங்க? சனிக்கிழமை எண்டது உங்களை வெரசா வரவைக்கச் சொன்னது. வேற ஆள் ஒருத்தருமில்ல. அடுத்த மாசம் வரைக்கும் கெடக்கும், ஆறுதலா வாங்க."

மீராசா தொலைபேசியை மேசையில் வைத்தார். ஸமட்மேல் கோபப்பட முடியவில்லை. பின்னால் இரண்டு கூடை இருக்கும்போதே "இதுதான் கடைசிக் கூறு" என்று அவரும் கத்தாத நாளில்லை.

"என்னவாம் மச்சான்?" என்று றபீக்கா கேட்டாள்.

"எஞ்சின் இரிக்காம்" என்றார். "அவசரமில்லயாம்."