நண்டு என்று எழுதிவைத்த காசு

நான் ஐந்தாம் ஆண்டு படித்து முடித்த விடுமுறை முழுவதும் மாமா கோலா சிலாங்கூரில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். அம்மாவின் தம்பி, ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். ஒரு துணிப்பையோடு, ஜாம் போத்தலில் ஒன்பது ரோமானிய வெண்கலக் காசுகளையும் கொண்டுவந்திருந்தார். எப்போதோ இணையத்தில் மண்ணோடு வாங்கி, நேரமில்லாமல் போட்டுவைத்தவை.

"வேலை இல்லையா மாமா?"

"கம்பெனி லீவு லா. நீ காசப் பாரு."

பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் ஊறவைத்து, பல்குச்சியால் மண்ணை எடுத்தோம். குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துத் தருவதாக அம்மா சொன்னபோது மாமா போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "அக்கா, அந்தப் பச்சைத் தோல் போச்சுன்னா ராஜா மூஞ்சியும் போயிரும்!"

ஒப்பந்தம் இதுதான்: பள்ளி திறப்பதற்குள் ஒன்பதும் எந்தெந்த ராஜா காலத்தவை என்று நான் அடையாளம் கண்டால் ஒன்று எனக்கு. ஒன்று தவறினாலும் எதுவும் கிடையாது. கணக்கு நோட்டில் அட்டவணை போட்டேன். அளவு, முகம் பார்க்கும் பக்கம், தலையில் முத்துப்பட்டையா இலைமாலையா, பின்பக்க உருவம், அடியில் உள்ள எழுத்து. மாமா அச்செடுத்து வந்த படங்களோடு ஒப்பிட்டு எட்டை முடித்தேன். இரண்டு வீரர்களுக்கு நடுவே ஒரு கொடி, குட்டிகளுக்குப் பதில் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் ஓநாய், கோட்டை வாசல்.

ஒன்பதாவதன் பின்பக்கத்தில் கால்களாகவே இருந்தன. பக்கத்து மீனவக் கிராமமான சுங்கை செம்பிலாங்கின் நண்டைத் தின்று வளர்ந்தவள் நான். சந்தேகமில்லாமல் 'நண்டு' என்று எழுதினேன். படங்களில் நண்டே இல்லை.

"ரோமாபுரி ராஜா நண்டு புடிக்கப் போயிருப்பாரு லா," என்று மாமா தினமும் கிண்டலடித்தார். அம்மா தினமும் கேட்டது வேறு: "இன்னிக்கும் கம்பெனிலேருந்து போன் வரலியா?" மாமா இல்லையென்று தலையசைப்பார்.

பள்ளி திறக்க ஒருநாள் இருந்தபோது அட்டவணையில் இன்னொரு பத்தி சேர்த்தேன்: காசைப் புரட்டினால் பின்பக்கம் நேரா, தலைகீழா? எட்டையும் புரட்டிப் பார்த்தேன். ஐந்து தலைகீழ். அவற்றையெல்லாம் யோசிக்காமலே நிமிர்த்திப் பார்த்திருக்கிறேன். நண்டை மட்டும் நிமிர்த்தவில்லை.

திருப்பினேன். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தேன். நண்டின் கால்கள் குதிரையின் கால்களாயின. மேலே ஈட்டியோடு ஒரு வீரன். குதிரையிலிருந்து சரிபவன் கையைத் தூக்குகிறான். ஓரத்தில் எழுத்துகள் எழுந்து நின்றன. மாமாவின் படங்களில் ஒன்றில் இதே குதிரை, கீழே ராஜாவின் பெயர்.

"இரண்டாம் கான்ஸ்டான்டியஸ்!" என்று கத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். அம்மா நண்டுக்குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். மாமா வெங்காயக் கத்தியை வைத்துவிட்டு, பூதக்கண்ணாடியில் இரண்டு முறை பார்த்தார்.

"நண்டு குதிரையாயிருச்சுக்கா! இவ ஜெயிச்சுட்டா!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினார். "அந்த எழுத்துக்கு என்னா அர்த்தம்? படி."

அச்செடுத்த தாளைப் பார்த்து மேடைக் குரலில் அறிவித்தேன்: "நல்ல காலம் திரும்பி வந்துவிட்டது!"

அம்மாவின் கரண்டி நின்றது. "இன்னொரு தடவ சொல்லு," என்றார். என் வெற்றிக்குத்தான் அந்த மரியாதை என்று இன்னும் உரக்கச் சொன்னேன்.

பரிசாக ஒன்பதாவதையே கேட்டேன். மாமா அதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் மூடி வைத்திருந்துவிட்டுத் தந்தார்.

சாப்பாட்டில் இருந்ததிலேயே பெரிய நண்டுக்காலை அம்மா மாமாவின் தட்டில் வைத்தார். கண்டுபிடித்தது நான், ஜெயித்தது நான். அது எப்படி அவருக்குப் போகலாம் என்று அன்று முழுவதும் இருவரையும் முறைத்துக்கொண்டிருந்தேன்.