தட்டு மேடம்

கடையில் பணம் கட்டும் வரிசையில் நின்றால், முன்னால் நிற்பவரின் கூடையைத் தட்டு மேடம் எட்டிப் பார்ப்பதே இல்லை. கண்ணெல்லாம் பக்கத்து அலமாரி மேல்தான். சாக்லேட்டும் பிஸ்கட்டும் கைக்கெட்டும் உயரத்தில் பளபளக்கும். பழங்கள் கடையின் எந்த மூலையிலோ கிடக்கும். போன வாரம் வரிசையை விட்டு விலகி, அலமாரியை முழம் போட்டு அளந்துகொண்டிருந்தார். காவலாளி ஓடி வந்து, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று விசாரித்தார்.

"ஒண்ணும் தொலையலைங்க. இதை யாரு இங்க வெச்சதுன்னு பாக்கறேன்."

எங்கள் ஆய்வு நிறுவனத்தில் எனக்கு எதிர் மேசை அவருடையது. பெரியவர்களுக்கு ஏன் உடம்பு பெருக்கிறது, அதைத் தடுக்க அரசாங்கம் என்ன செய்யலாம் என்று ஆராய்ந்து எழுதிக் கொடுப்பது அவர் வேலை. "ஆளைத் திட்டாதீங்க, அலமாரியைத் திட்டுங்க" என்பார். புதிதாகச் சேருகிற யாரும் முதல் நாளே இதைக் கேட்காமல் வீடு போக முடியாது.

அவரும் பருமனானவர்தான். அதைப் பற்றி அவரே முதலில் பேசிவிடுவதால், பின்னால் பேச நினைப்பவர்களுக்குச் சரக்கு இருப்பதில்லை. கணவர் நேர்மாறு, ஒட்டடைக்குச்சி. "மூணு ஆள் சாப்பாடு சாப்பிடுவாரு. காத்தடிச்சா புடிச்சுக்கணும். மனக்கட்டுப்பாடு பத்திப் பேசறவங்களை எங்க வீட்டுக்கு ஒருநாள் சாப்பிடக் கூப்பிடணும்" என்பார். கணவரும் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வார்.

'தட்டு மேடம்' என்பது பேருந்துப் பணிமனையில் அவருக்குக் கிடைத்த பெயர். ஓட்டுநர்களில் பாதிப் பேருக்கு எடை கூடிவிட்டது, ஏதாவது வழி சொல்லுங்கள் என்று போக்குவரத்துத் துறை எங்களிடம் வந்தது. உணவகத்தில் தட்டைச் சின்னதாக்கினால் சாப்பாடு தானாகக் குறையும் என்று யோசனை சொன்னவர் இவர். புத்தம்புதுத் தட்டுகள் வந்திறங்கின. ஓட்டுநர்கள் ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டார்கள். கழுவ வேண்டிய பாத்திரம் இரட்டித்ததில், சமையல்காரர் வேலையை விட்டுப் போகிறேன் என்று கரண்டியை வைத்துவிட்டார். தட்டு மேடம் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, பழைய தட்டுகளையே திரும்ப எடுக்கச் சொன்னார்.

அடுத்து அவர் செய்தது பேருந்தில் ஏறி உட்கார்ந்தது. எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துப் பாடும் ஒருவருக்குப் 'பாட்டு டிரைவர்' என்று பெயர். அவர் இருக்கைக்குப் பின்னால் காலையிலிருந்து பயணம். மதியம் நெருங்கும்போது மேடத்துக்கு ஒரு பெரிய உண்மை அடிவயிற்றில் உறைத்தது. கடைசி நிறுத்தத்தில் கழிப்பறை கிடையாது. போய்த் தேடலாம் என்றால், அதற்குள் வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள்.

"நீங்கல்லாம் எப்படிண்ணே சமாளிக்கறீங்க?"

"தண்ணியே குடிக்கறதில்ல மேடம்" என்ற பாட்டு டிரைவர், காலடியில் இருந்த கலர் பாட்டிலைக் காட்டினார். "கண்ணைச் சொக்கினா இதுல ஒரு வாய். அவ்வளவுதான்."

இறங்கி உட்கார்ந்து சாப்பிடவும் நேரம் இல்லை என்பதை அன்றே கண்ணால் பார்த்தார். பகலெல்லாம் சர்க்கரைத் தண்ணீரில் ஓடுகிற மனிதர், வேலை முடிந்து வீட்டுக்குப் போய் மொத்தப் பசியையும் ஒரே மூச்சில் தீர்த்துக்கொண்டு படுக்கிறார். மறுநாள் மேடம் எழுதிய பரிந்துரைகளில் தட்டைக் காணோம். கடைசி நிறுத்தங்களில் கழிப்பறை, குடிதண்ணீர், உட்கார்ந்து சாப்பிட இடைவேளை என்று இருந்தது.

இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். எடை பற்றிய அறிக்கையில் கழிப்பறையா, சபையே சிரிக்கும் என்றார். சின்னத் தட்டு தோற்ற கதையையும் அறிக்கையிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். துறையின் அடுத்த திட்டமும் நமக்கு வரவேண்டும் என்பது அவர் கவலை. நிறுவனத்தில் எங்கள் எல்லோர் கவலையும் அதுதான்.

"நாம தோத்ததைச் சொல்லலைன்னா, வேற ஊர்ல வேற யாராவது சின்னத் தட்டு வாங்குவாங்க சார்" என்றார் இவர். பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் துறையில் அறிக்கையை வாசிக்கும் கூட்டத்துக்குப் போகும் வழியெல்லாம் அதன் பக்கங்களையே திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டு வந்தார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

அவர் தட்டிலிருந்தே ஆரம்பித்தார். அரங்கம் சிரித்தது, துறைத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கழிப்பறை வந்ததும் சிரிப்பு அடங்கியது. ஓரத்தில் இருந்த ஓர் அதிகாரி மட்டும் எழுந்து, வசதி எல்லாம் இருக்கட்டும், மனுஷனுக்குக் கட்டுப்பாடு வேண்டாமா என்றார். "இப்ப நீங்களே கொஞ்சம்..." என்று இழுத்து, அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"நானும் உங்க கணக்குல சேர்ந்தவதான் சார்" என்றார் தட்டு மேடம். "கட்டுப்பாடு இருக்கப்போய்தான் காலையிலேருந்து இங்க உக்காந்திருக்கேன். இந்தக் கட்டடத்துல பொம்பளைங்க கழிப்பறை எங்கன்னு இன்னும் யாரும் சொல்லலை."

முதலில் சிரித்தவர் துறைத் தலைவர். சிரித்துவிட்டு, பேனாவைத் திறந்து ஏதோ குறித்துக்கொண்டார்.

கழிப்பறைகள் வந்தன, இடைவேளை நீண்டது. மறுவருடம் எடை பார்த்தபோது ஓட்டுநர்களுக்குக் குறைந்திருக்கவில்லை, கூடவும் இல்லை. இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார். மேடமோ அறை அறையாகப் போய்ச் சொன்னார்: "ஏறிக்கிட்டே இருந்தது நின்னுடுச்சு, தெரியுமா?" துறையின் அடுத்த திட்டம் மட்டும் எங்களுக்கு வரவில்லை. விழிப்புணர்வுப் பிரசாரம் என்று வேறொரு நிறுவனத்துக்குப் போய்விட்டது.

அவர்கள் தயாரித்த சுவரொட்டியை நேற்றுத்தான் பணிமனை உணவகத்தில் பார்த்தோம். தொந்தி பிதுங்க, ஸ்டியரிங்கில் முட்டிக்கொண்டு வியர்க்கும் ஒரு கேலிச்சித்திர ஓட்டுநர். மேலே கொட்டை எழுத்தில் 'இது நீங்களா?' என்ற கேள்வி. எதிர் மேசையில் பாட்டு டிரைவர் தனியாக, பாட்டில்லாமல், தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிழித்துப் போடலாமா என்று நான் மெதுவாகக் கேட்டேன். மேடம் ஒரு நாற்காலியை இழுத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டார். படம் முழுவதும் மறையும்படி, தன் அகன்ற முதுகைச் சாய்த்து வசதியாக உட்கார்ந்துகொண்டு, "என்னண்ணே, இன்னிக்கு எந்த ரூட்டு?" என்றார்.